காற்று, உப்பு, வெளிச்சம்: இராமநாதபுரம் கடற்கரை வீட்டை அமைத்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

தங்கச்சிமடத்திலோ கீழக்கரையிலோ தேவிபட்டினத்திலோ புது வீடு கட்டி முடிக்கிறவர்கள் கைப்பேசி நிறையப் படங்கள் சேர்த்து வைத்திருப்பார்கள். வெள்ளைச் சுவர், சாம்பல் நிறச் சோபா, கண்ணாடி மேசை, கறுப்பு இரும்புச் சட்டத்தில் அலமாரி. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அறைகள் எந்த ஊர் வெயிலுக்காக, எந்த ஊர்க் குளிருக்காக அமைந்தவை என்று யாரும் விசாரிப்பதில்லை. நம் கரையில் காற்று உப்பையும் மணலையும் கொண்டுதான் உள்ளே வருகிறது. நிலத்தடி நீரிலும் உப்பு. வருடத்தில் பெரும்பகுதி கண்கூசும் வெயில். இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் வாங்கிப் போட்ட சாமான் ஒன்றிரண்டு வருடத்தில் துருப்பிடித்தும் உப்பியும் போவதைப் பக்கத்து வீட்டிலேயே பார்க்கலாம்.

ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை வழக்கமான வரிசை இல்லை. பாணியைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிறத்துக்கும் சாமானுக்கும் போவது வழக்கம். இங்கே காற்றில் தொடங்குகிறோம். அடுத்து அளவு, உப்பு, வீட்டார் உட்கார்ந்து எழுந்து புழங்கும் முறை. நிறமும் பாணியும் கடைசியில்.

முதல் படி: காலி வீட்டில் காற்றையும் வெயிலையும் பாருங்கள்

சாமான் இறக்குவதற்கு முன்பே ஒரு முழு நாள் காலி வீட்டில் இருங்கள். காலை, உச்சி, சாயங்காலம், இரவு என நான்கு வேளையும் ஒவ்வோர் அறையிலும் ஊதுபத்தி கொளுத்தி, புகை எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். எந்தச் சன்னலில் நுழைந்து எதில் வெளியேறுகிறதோ அந்தத் தடத்தை ஒரு தாளில் அம்புக்குறியாகப் போட்டுக்கொள்ளுங்கள். பகலில் கடலிலிருந்து கரைக்கும் இரவில் கரையிலிருந்து கடலுக்கும் காற்று திரும்புவதால் ஒரே வேளை பார்த்துவிட்டு முடிவு செய்ய முடியாது.

பருவத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கோடையில் தொடங்கி செப்டம்பர் வரை தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும்; கடலுக்குப் போகிறவர்கள் சோழகம், கச்சான் என்று சொல்லும் காற்றுகள் இவை. ஐப்பசி பிறந்தால் வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். மன்னார் வளைகுடா ஓரத்தில் இருக்கும் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் ஊர்களுக்குக் கடல் தெற்கே இருக்கிறது. அங்கே சோழகம்தான் உப்பை நேராகச் சுவரில் கொண்டுவந்து அப்பும். பாக் நீரிணை ஓரத்துத் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் கடல் கிழக்கே. அங்கே வாடைக்காலம்தான் சோதனை. இராமேசுவரம் தீவில் இருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் உண்டு. உங்கள் வீட்டில் ‘கடல் பக்கச் சுவர்’ எது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் எடுக்கப்போகும் முடிவுகளில் பாதி அந்தச் சுவரைச் சார்ந்தவை.

காற்று ஓட இரண்டு வாய் வேண்டும். நுழையும் சன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வெளியேறும் வழி அதே அளவோ அதைவிடப் பெரிதாகவோ இல்லாவிட்டால் அறையில் புழுக்கம் தங்கிவிடும். எதிர்ச் சுவரின் சன்னலை மறைத்து ஏழடி பீரோவை நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பீரோவைக் காற்றுத் தடத்துக்கு வெளியே, பக்கச் சுவரில் சேருங்கள். கட்டில் உயரத்தில் காற்று பட வேண்டும் என்றால் சன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அடிக்குள் இருக்க வேண்டும். பாயில் படுக்கும் வீடு என்றால் இன்னும் கீழே. மின்விசிறியின் இறக்கை தரையிலிருந்து எட்டு ஒன்பது அடியில் இருந்தால் நன்றாக வீசும். உயரமான கூரை என்று அதை ஒட்டியே மாட்டினால் காற்று கீழே வந்து சேராது.

வெயிலில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. நாம் இருப்பது ஏறத்தாழ ஒன்பதேகால் டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடபுறமாகச் சாய்ந்து நிற்கும். வடக்குச் சன்னல் எப்போதும் குளிர்ச்சி என்று படித்துவிட்டு அதற்குச் சன்னல் கூரை போடாமல் விட்டால் கோடையில் வெளிச்சம் உள்ளே அடிக்கும். மேற்குச் சுவரைச் சொல்லவே வேண்டாம். அங்கே கட்டிலைப் போடாதீர்கள். அலமாரி, சாமான் அறை, குளியலறை ஆகியவற்றை அந்தப் பக்கம் தள்ளினால் அவை வெப்பத்தை வாங்கிக்கொள்ளும்.

வாஸ்து பார்க்கும் வீடுகளில் அடுப்படி தென்கிழக்கு மூலைக்குப் போய்விடும். அதற்கு வெளிப்புறச் சுவர் இரண்டு கிடைக்கிறது, கிழக்கும் தெற்கும். இரண்டிலும் சன்னல் வையுங்கள். சோழகம் அடிக்கும்போது கிழக்கையும் வாடை அடிக்கும்போது தெற்கையும் திறந்தால் தாளிக்கும் புகை வீட்டுக்குள் திரும்பாது. ஒரே சன்னல் வைத்துவிட்டு வருடத்தில் பாதி நாள் மீன் குழம்பு வாசத்தோடு தூங்கும் வீடுகள் உண்டு.

இரண்டாம் படி: தரையில் வரைந்து பாருங்கள்

கட்டம் போட்ட நோட்டில் ஓரடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில் ஒவ்வோர் அறையையும் வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சன்னல் எங்கே, மின்சாரப் பிளக் எங்கே என்று எல்லாம் வர வேண்டும். கட்டில், சோபா, மேசை, பீரோ இவற்றை அதே அளவில் அட்டையில் வெட்டி அதன் மேல் நகர்த்திப் பாருங்கள். மனசுக்குப் பிடித்த இடம் கிடைத்ததும் கோலமாவையோ சாக்பீஸையோ எடுத்து உண்மையான தரையில் உண்மையான அளவில் கோடு போட்டு, ஒரு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். தாளில் சரியாக இருந்தது தரையில் இடிக்கும்.

நினைவில் வைக்க வேண்டிய அளவுகள் கொஞ்சம்தான். நடக்கும் வழி மூன்றடி. கட்டிலுக்கு இரு பக்கமும் இரண்டடி. சோபாவுக்கும் முன்னால் இருக்கும் சிறு மேசைக்கும் நடுவே ஓரடி முதல் ஒன்றரை அடி. சாப்பாட்டு மேசையில் ஆளுக்கு இரண்டடி அகலம், நாற்காலியைப் பின்னால் இழுக்க மூன்றடி. சமையல் மேடையின் உயரத்தைக் கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சமைக்கிறவர் நேராக நின்று முழங்கையை மடக்கினால் அதற்கு நான்கைந்து அங்குலம் கீழே மேடை வர வேண்டும். ஊஞ்சல் மாட்டுகிறவர்கள் பலகை போய்வரும் திசையில் முன்னும் பின்னும் மூன்றடியாவது விட வேண்டும். குழந்தைகள் குறுக்கே ஓடும் வழியில் அது வரவே கூடாது.

மூன்றாம் படி: உப்புக்கு ஏற்ற பொருள்

இதில்தான் பணமும் உழைப்பும் வீணாகின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாம்பன் நமக்கு நல்ல அளவுகோல். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காப்பாற்றுவது நூறு வருடத்துக்கும் மேல் தீராத வேலையாக இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டார்கள். அந்தக் காற்றேதான் உங்கள் கதவுக் கீலிலும் அடிக்கிறது. அலையோரத்தில் உப்பின் வேகம் அதிகம். ஊருக்குள் போகப் போகக் குறையும். உச்சிப்புளியில் ஒத்துக்கொள்ளும் பொருள் பாம்பனில் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

உலோகத்தில் தொடங்குவோம். கடையில் ‘எஸ்.எஸ்.’ (துருப்பிடிக்காத எஃகு) என்று தருவது பெரும்பாலும் 304 ரகம். கடலோரத்தில் அதுவும் பழுப்புப் புள்ளி விடும். 316 ரகத்தில் மாலிப்டினம் என்ற உலோகம் இரண்டு முதல் மூன்று சதவீதம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். விலை கூடுதல்தான். அதனால் எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டாம். கடல் பக்கச் சன்னலின் கொக்கி, கீல், மாடிக் கைப்பிடி, வெளிக்கதவின் தாழ்ப்பாள் இவற்றுக்கு மட்டும் அதை வாங்குங்கள். அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்புத் திருகாணி போடவே கூடாது. இரண்டு வெவ்வேறு உலோகம் உப்பு ஈரத்தில் ஒட்டி நின்றால் அரிப்பு இரட்டிப்பாகும். சன்னலுக்கு யு.பி.வி.சி. என்ற கெட்டியான பிளாஸ்டிக் நல்ல தேர்வு. ஆனால் உள்ளே வைக்கும் வலுக்கம்பி துருப்பிடிக்காமல் துத்தநாகப் பூச்சோடு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பித்தளை கறுக்கும், ஆனால் கெடாது. துடைத்தால் திரும்ப மின்னும். பழைய பித்தளைக் குமிழும் தாழ்ப்பாளும் வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

மரத்தில் நம் மண்ணின் மரங்களே போதும். வேம்பைப் பூச்சி எளிதில் அண்டாது, அலமாரிக்கு அருமை. பூவரசு இழை நெருக்கமான மரம், நாற்காலிக்கும் மேசைக்கும் பொருந்தும். முற்றிய பனையின் வெளிவைரம் கறுப்பு வரியோடு இரும்புபோல இருக்கும். அதை இப்போது வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதால் புதிதாகத் தேடாமல், பழைய வீடு இடிக்கும் இடத்தில் பனஞ்சட்டம் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். ஊர் ஆசாரி கையில் அது ஊஞ்சல் பலகையாகவும் புத்தக அடுக்காகவும் மாறும். ஒட்டுப்பலகை (பிளைவுட்) வாங்கினால் அடுப்படிக்கும் குளியலறைக்கும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, கொதிநீரும் தாங்கும் பி.டபிள்யூ.பி. ரகம்தான். மரத்தூளை அழுத்திச் செய்யும் பலகையில் ஆயத்தமாக வரும் அலமாரிகள் பளபளப்பாக இருந்தாலும் ஒரு மழைக்காலத்தில் விளிம்பு உப்பிவிடும். இந்தக் கரையில் அவை வேண்டவே வேண்டாம்.

இனி சுவர். கீழிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்து, பெயின்ட் தோல் தோலாக உரிவது இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் தொல்லை. “நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிருவோம்ணே, ஒண்ணும் தெரியாது” என்பார் கொத்தனார். சம்மதிக்காதீர்கள். ஈரம் வெளியேற வழி இல்லாமல் டைல்ஸுக்கு மேலே ஏறி ஆறடியில் பூக்கும். பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அது திரும்பச் சுவருக்குள்ளேயே இறங்கும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்து, கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். பிறகு மூச்சுவிடும் பூச்சு, அதாவது சுண்ணாம்பு. சுண்ணாம்புச் சாந்தும் சுண்ணாம்பு வெள்ளையும் ஈரத்தை உள்ளே அடைக்காமல் காயவிடும். பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்க ஆசைப்பட்டால் உள்பக்கத்து உலர்ந்த சுவர்களில் அடித்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு இல்லாததும் கலவையில் உப்பு மணலும் உப்புத் தண்ணீரும் சேர்ந்ததும் இதற்கு மூல காரணம் என்பதால், இனி கட்டப்போகிறவர்கள் அங்கேயே கவனமாக இருக்க வேண்டும்.

துணியைப் பொறுத்தவரை வெல்வெட்டும் தடித்த பாலியஸ்டரும் உப்பு ஈரத்தையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொண்டு நாற்றமெடுக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் வாங்கிய பெரிய வெல்வெட் சோபா செட்டுகள் பிளாஸ்டிக் உறையோடேயே கிடப்பதை இங்கே நிறையப் பார்க்கலாம். அதில் உட்கார்ந்தால் வியர்க்கிறது என்று வீட்டார் தரையில் உட்காருவார்கள். கழற்றித் துவைக்கும் பருத்தி உறை போதும். திரைச்சீலைக்கு நம் மாவட்டத்துப் பரமக்குடியிலேயே கைத்தறி இருக்கிறது. மெல்லிய பருத்திச் சேலையை இரண்டாக வெட்டித் தைத்தால் காற்றில் அசையும், வெளிச்சத்தை மட்டுப்படுத்தும், வாரம் ஒரு முறை துவைக்கவும் சுலபம். திரைக்கு இரும்பு வளையம் வேண்டாம், துருக்கறை துணியில் இறங்கினால் போகாது. மரக்கழியில் துணி நாடா கட்டித் தொங்கவிடுங்கள்.

நான்காம் படி: வாசலிலிருந்து கொல்லை வரை

வாசலில் ஒரு குழாயும், கால் கழுவ இரண்டடிச் சதுரத்தில் சிறு பள்ளமும் வையுங்கள். மணல் அங்கேயே நின்றுவிடும். மணல் உள்ளே வந்தால் தரையை அரமாக அறுக்கும், பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ் நாலைந்து வருடத்தில் மங்கிவிடும். பளபளப்பு இல்லாத டைல்ஸோ சிவப்புக்காவிச் சிமெண்ட் தரையோ எடுங்கள். காவித் தரையில் இணைப்பு இல்லாததால் மணலும் அழுக்கும் தங்க இடமில்லை. காலுக்குக் குளிர்ச்சி, நாள் ஆக ஆக மெருகு ஏறும். ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவர்கள் ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது என்பதைப் பணிப்பெண்ணுக்கும் சொல்லி வையுங்கள்.

கடலுக்குப் போகிறவர் வீடு என்றால் வலை, பெட்ரோமாக்ஸ், டீசல் கேன், மழைக்கோட்டு இவற்றுக்குப் பக்கவாட்டில் கூரையோடு ஓர் இடம் ஒதுக்குங்கள். வீட்டின் அழகைக் கெடுக்கும் சாமான் என்று அவற்றைக் கருத வேண்டியதில்லை. சுவரில் தடித்த மர முளைகள் வரிசையாக அடித்துத் தொங்கவிட்டால் அதுவே ஒழுங்காகத் தெரியும், ஈரமும் சொட்டி வடிந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். எந்த அலங்காரப் படத்திலும் குடம் இருக்காது. இங்கே காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நேரத்தில் பிடித்து வைக்காத வீடு இல்லை. அடுப்படிக்குள் நுழையும் இடத்தில், நிழலில், ஒன்றரை அடி உயரத்தில் கல் மேடை கட்டி, அதன் முன் ஒரு வடிகால் விடுங்கள். ஆறு குடம் வரிசையாக நிற்க எட்டடி நீளம் போதும். சில்வரோ பித்தளையோ எல்லாம் ஒரே வகைக் குடமாக வாங்கினால் அந்த வரிசையே கண்ணுக்கு நிறைவாக இருக்கும். இருநூறு லிட்டர் டிரம் நிறைந்தால் இருநூறு கிலோவுக்கு மேல் கனக்கும், அதைப் பரணில் ஏற்றாதீர்கள். ஆழ்துளை நீரின் உப்பு கண்ணாடித் தடுப்பிலும் கறுப்புக் குழாயிலும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும் என்பதால் குளியலறைக்குக் கண்ணாடிக் கதவு வேண்டாம். வெளிர் நிற டைல்ஸ், பளபளப்பில்லாத குழாய், அவ்வளவுதான்.

கூடத்தில் உட்காரும் முறையை வீட்டாரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். கல்யாணப் பேச்சுக்கும் நோன்புக் கஞ்சிக்கும் இருபது பேர் வரும் கூடத்தில் சோபா செட் நாற்பது சதவீத இடத்தைத் தின்றுவிடும். சுவரை ஒட்டி ஒன்றேகால் அடி உயரத்தில் நீளத் திண்ணை கட்டி, அதில் பஞ்சு மெத்தை போட்டால் எட்டுப் பேர் உட்காரலாம், அடியில் சாமான் வைக்கலாம், இரவில் ஒருவர் படுக்கலாம். மீதிப் பேருக்குப் பாய். என் கணக்கில் இந்தக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான இருக்கை கிடையாது.

கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் ஆண்கள் வந்து உட்காரும் முன்கூடமும் பெண்கள் புழங்கும் உள்கூடமும் தனித்தனியாக வேண்டும். நடுவில் கனத்த திரை போட்டால் மறைவு கிடைக்கும், காற்று நின்றுவிடும். அதற்குத் துளைகள் விட்ட தடுப்புதான் தீர்வு. மரச்சட்டத் தட்டியாகவோ, கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் தான் கட்டிய வீடுகளில் அதிகம் பயன்படுத்திய செங்கல் சாளரச் சுவராகவோ அமைக்கலாம். வெளிச்சம் அதிகமுள்ள பக்கத்திலிருந்து பார்த்தால் இருட்டுப் பக்கம் தெரியாது. பகலில் வெளிக்கூடம் வெளிச்சமாக இருக்கும்வரை உள்ளே இருப்பவர் தெரியமாட்டார்; இரவில் உள்ளே விளக்கெரிந்தால் நிலைமை மாறும். அதற்கு மட்டும் பின்னால் மெல்லிய திரை ஒன்று வையுங்கள். தொழுகைக்கு ஒதுக்கும் மூலையில் மேற்கிலிருந்து சற்று வடக்காகச் சாயும் கிப்லா திசைக்கு நேரே விரிப்பு விழ இடம் விட வேண்டும், அங்கே படமோ கண்ணாடியோ வேண்டாம். பூசை மாடமாக இருந்தாலும் மாதா சுரூபமாக இருந்தாலும் காற்றுத் தடத்தில் வைக்காதீர்கள், விளக்கும் மெழுகுதிரியும் நிற்காது.

ஐந்தாம் படி: நிறமும் விளக்கும்

அறையில் அறுபது பங்கு ஒரு நிறம், முப்பது பங்கு இன்னொன்று, பத்துப் பங்கு துணிச்சலான ஒன்று என்பது உள் அலங்காரக்காரர்களின் பழைய கணக்கு. சுவரும் தரையும் முதல் பங்கு, மரச்சாமானும் திரையும் இரண்டாவது, தலையணை உறை, ஒரு படம், ஒரு பானை மூன்றாவது. கணக்கு நல்லது. ஆனால் அந்த அறுபதைத் தூய வெள்ளையாக எடுக்கும்போது கடல் பக்கத்து அறைகளில் கண்கூசுகிறது. நீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் மறுபடி அடிக்கும். அங்கே பனங்குருத்து ஓலையின் வெளிர் மஞ்சள், காய்ந்த மணல், நுங்கின் மங்கல் வெள்ளை போன்ற மட்டுப்பட்ட, பளபளப்பில்லாத நிறம் எடுங்கள். சன்னல் இல்லாத நடு அறைகளுக்கு வெள்ளையைக் கொடுங்கள். பத்துப் பங்குக்குக் காவியோ ஆழ்ந்த பச்சையோ போதும். நீலம் வேண்டுமா என்று கேட்பார்கள். சன்னலில் கடல் தெரியும் வீட்டுக்கு அது தேவைப்படாது, தெரியாத வீட்டில் கொஞ்சம் சேர்த்தால் இதமாக இருக்கும்.

விளக்கில் ஒரே ஒரு வெள்ளை டியூப் போட்டு முழுக் கூடத்தையும் எரிய வைக்கும் பழக்கத்தை விடலாம். எல்.இ.டி. பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் இருக்கும்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெண்மை. உட்காரும், படுக்கும் அறைகளுக்கு 2700 முதல் 3000, அடுப்படிக்கும் படிப்பு மேசைக்கும் 4000. 6500 என்பது வலை பின்னும் முற்றத்துக்கும் கொல்லைக்கும் சரி. கூடத்தில் பொதுவிளக்கு ஒன்று, உட்காரும் இடத்தருகே சுவரில் ஒன்று, மாடத்துக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரித்துத் தனித்தனிச் சுவிட்ச் வையுங்கள். புயல் மழையில் மின்சாரம் போகும் கரை என்பதால் அறைக்கு ஒரு விளக்கையாவது இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: கண்ணுக்குச் சமநிலை

ஓர் அறைக்குள் நுழைந்ததும் கண் போய் நிற்க ஓரிடம் வேண்டும், ஓரிடம் மட்டும். ஊஞ்சலோ, கடல் தெரியும் சன்னலோ, பாட்டியின் மரப்பெட்டியோ அதுவாக இருக்கலாம். டிவியை அதற்குப் போட்டியாக நிறுத்தாமல் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். கடல் சன்னலுக்கு நேர் எதிரே வைத்தால் உப்பும் கண்ணாடிக் கூச்சமும் சேர்ந்துவிடும். கனத்த பீரோ ஒரு பக்கம் நின்றால் எதிர்ப்பக்கம் அதே கனத்தில் ஏதாவது வேண்டும், அதே பொருளாக இருக்க வேண்டியதில்லை. பெரிய செடிச்சட்டியும் நாற்காலியும் சேர்ந்தே அதை நிறுத்திவிடும். பனை ஓலைப் பெட்டி, ஓலைத் தடுக்கு, பனைநார்க் கட்டில் என்று ஒரே பொருளை மூன்று இடத்தில் திரும்பக் காட்டினால் அறைகள் ஒன்றோடொன்று பேசும்.

சுவரில் படம் மாட்டும்போது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலேமுக்கால் அடியில் வர வேண்டும் என்பது பொதுவிதி. அது நிற்பவருக்கும் நாற்காலியில் இருப்பவருக்கும் வகுத்தது. பாயில் உட்காரும் கூடத்தில் ஓரடி இறக்கி மாட்டுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். கல்யாணப் படங்களை நான்கு சுவரிலும் இறைக்காமல் ஒரே சுவரில் நெருக்கமாகச் சேர்த்து, மற்றதை வெறுமையாக விடுங்கள்.

ஷோகேஸில் பவளத்துண்டும் காய்ந்த கடல் குதிரையும் கடல் விசிறியும் வைப்பதை இந்தக் கரையில் வளர்ந்த நாமே நிறுத்த வேண்டும். 2001 முதல் இவற்றுக்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, வைத்திருப்பதே குற்றம். 1986-ல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவின் தீவுகள் பல நம் கண் முன்னால்தான் இருக்கின்றன. அந்தக் கண்ணாடி அலமாரியில் ஓலைக் கொட்டான்களை அடுக்கினால் செய்கிற பெண்களுக்கும் வருமானம்.

ஏழாம் படி: பாணியில் எதை எடுப்பது

ஸ்காண்டிநேவியப் பாணியின் வெள்ளைச் சுவரும் வெளிர் மரமும், குளிர்காலத்தில் சில மணி நேரமே பகல் இருக்கும் நாடுகளில் கிடைக்கிற வெளிச்சத்தைப் பெருக்க வந்தவை. நமக்கு வெளிச்சத்தைக் குறைப்பதுதான் வேலை. அதில் எடுக்க வேண்டியது குறைந்த சாமான், நேர்த்தியான மரவேலை, இவ்வளவே. தொழிற்சாலைப் பாணி நியூயார்க்கின் கைவிட்ட ஆலைக் கட்டடங்களில் ஓவியர்கள் குடியேறியதிலிருந்து வளர்ந்தது. திறந்த இரும்பும் பூசாத செங்கலும் அதன் உயிர். உப்புக்காற்றில் இரண்டும் நிற்காது, விட்டுவிடுங்கள். கயிறு, நங்கூரம், கப்பல் சக்கரம் தொங்கவிடும் மேற்கத்தியக் கடற்கரைப் பாணி விடுமுறைக்குக் கடலுக்குப் போகிறவர்களுடையது. கடல் நமக்குத் தொழில் நடக்கும் இடம், அதைப் பொம்மையாக்கிச் சுவரில் மாட்ட வேண்டியதில்லை.

ஜப்பானிய வீட்டில் தரையில் அமர்வதும், நகர்த்தும் தட்டிகளும், ஒரு மாடத்தில் ஒரே ஒரு பொருள் வைப்பதும் நம் வீட்டுக்கு நேராகப் பொருந்தும். கிரேக்கத் தீவுகளின் சுண்ணாம்பு பூசிய தடித்த சுவர், சிறு சன்னல், சுவரோடு கட்டிய திண்ணை ஆகியவையும் உப்பும் வெயிலும் கற்றுக்கொடுத்தவைதான். அங்கே மழை குறைவு, இங்கே வாடையில் கொட்டும். ஆகவே தட்டைக் கூரையை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் எடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த முன்மாதிரி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) கொழும்பில் நான்கு சிறு வீடுகளை இணைத்து அமைத்த தன் இல்லத்தில் சின்னச் சின்ன முற்றங்களால் வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே இறக்கினார். பெரிய நிலம் வேண்டியதில்லை, நாலடிக்கு ஆறடி முற்றம் ஒன்று போதும் என்பதை அங்கே பார்க்கலாம். நம்மிடமும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி காலத்து இராமலிங்க விலாசம் அரண்மனையில் உச்சி வெயிலில் நின்று பாருங்கள், தடித்த சுண்ணாம்புச் சுவர் எப்படி வேலை செய்கிறது என்று உடம்புக்கே தெரியும். அங்குள்ள சுவரோவியங்கள் தரும் இன்னொரு பாடம், அலங்காரம் சுவரிலேயே இருந்தால் தரையில் சாமான் குறையும் என்பது.

செட்டிநாட்டுப் பாணியில் முற்றமும் திண்ணையும் எடுங்கள். தூண்களைப் போலியாக நிறுத்த வேண்டாம்.

எட்டாம் படி: பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது, எப்படிப் பராமரிப்பது

முதலில் சுவரின் உப்பும் சன்னலும். பிறகு கீல், தாழ்ப்பாள், குழாய். பிறகு கட்டிலும் திண்ணையும். விளக்கு. துணி. அலங்காரப் பொருள் எல்லாவற்றுக்கும் கடைசி. கையில் பணம் குறைந்தால் பட்டியலைக் கீழிருந்து வெட்டுங்கள், மேலிருந்து அல்ல.

கடல் பக்கச் சன்னல் சட்டத்தையும் கீலையும் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மாதம் ஒரு முறை கீலுக்கு எண்ணெய். ஏ.சி.யின் வெளிப்பெட்டியைக் கடல் பார்க்காத சுவரில் மாட்டி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவிவிட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் நீடித்து உழைக்கும். வாடை மழை ஓய்ந்து பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் நம் வழக்கத்தைக் கைவிடாதீர்கள், சுண்ணாம்பு போட அதுதான் சரியான சமயம். புயல் எச்சரிக்கை வரும் மாதங்களுக்கு முன்பே கடல் பக்கச் சுவரிலிருந்து கண்ணாடிப் படங்களை இறக்கி, பத்திரங்களையும் சான்றிதழ்களையும் பாலித்தீன் உறையில் போட்டு உள்ளறையின் மேல் தட்டுக்கு ஏற்றிவிட வேண்டும்.

பெரிய சாமான் எதையும் குடிபோன முதல் வருடத்தில் வாங்காதீர்கள். கட்டில், பாய், ஒரு மேசை, அடுப்படிச் சாமான் இவற்றோடு சோழகத்தையும் வாடையையும் ஒரு சுற்று கடத்துங்கள். எந்தச் சன்னலை எப்போது சாத்துகிறீர்கள், வீட்டார் தானாகப் போய் உட்காரும் மூலை எது, எந்தச் சுவரில் உப்புப் பூக்கிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். அதன் பிறகு ஆசாரியை அழைத்து அளவெடுக்கச் சொல்லுங்கள்.